கஃபில் காலைச் சாப்பாடு: முதல் தடவை போகிறவர்களுக்கு

பெயர்ப்பலகையில் கஃபே என்று எழுதியிருக்கும். லண்டன்காரர் வாயில் அது ஒரே அசையாகச் சுருங்கி ‘கஃப்’ ஆகிவிடும். செல்லமும் கிண்டலுமாக ‘கிரீஸி ஸ்பூன்’, அதாவது பிசுக்குப் பிடித்த கரண்டி, என்றும் சொல்வார்கள். லாட்டேயும் அவகாடோ டோஸ்ட்டும் விற்கும் காபிக்கடைகள் வேறு சாதி. இங்கே ஃபார்மைக்கா ஒட்டிய மேசை, சுவரில் விலைப் பலகை, மேசைக்கு மேசை வினிகர் புட்டி, தெருமுனை வரைக்கும் வரும் பேக்கன் வாசனை. புதிதாகப் போகிறவர்களைத் தடுமாற வைப்பது சாப்பாடு அல்ல, ஆர்டர் எடுக்கும் வேகம். பலகையைப் படிக்கத் தெரிந்து, கல்லாவில் கேட்கும் நாலு கேள்விக்குப் பட்டென்று பதில் சொல்லத் தெரிந்தால் மீதி தானாக நடக்கும்.

எங்கே, எப்போது

சுற்றுலாப் பயணிகள் நடமாடும் பெரிய வீதிகளில் தேட வேண்டாம். பஸ் டிப்போ, சந்தை, ரயில் நிலையத்தின் பின்பக்கத் தெரு, கட்டடச் சாமான் விற்கும் பேட்டை, இவற்றை ஒட்டிப் பாருங்கள். வாசலில் இரண்டு மூன்று வெள்ளை வேன்களும் உள்ளே பளீர் மஞ்சள் சட்டை போட்ட கட்டடத் தொழிலாளிகளும் இருந்தால் நம்பி நுழையலாம். அவர்களுக்கு இருப்பது அரை மணி இடைவேளை; மெதுவாகக் கொடுக்கும் கடைக்கும் குறைத்துப் போடும் கடைக்கும் அவர்கள் இரண்டாம் தடவை வரமாட்டார்கள்.

காலை 6 அல்லது 7 மணிக்குத் திறந்து பிற்பகல் 3, 4 மணிக்குள் மூடிவிடுவார்கள். பல கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. ‘ஆல் டே பிரேக்ஃபாஸ்ட்’ என்று எழுதியிருந்தால் கடை மூடும் வரை என்று பொருள். ராத்திரி எட்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள். மூடுவதற்கு அரை மணி முன்பே அடுப்பை அணைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். 7 முதல் 8 வரை, பத்தரை மணி வாக்கில், பிறகு 12 முதல் ஒன்றரை வரை கூட்டம் நெரியும். முதல் தடவை போகிறவருக்கு ஒன்பது மணி தோது: கல் சூடாக இருக்கும், ஆளும் பொறுமையாக இருப்பார்.

கதவிலோ கண்ணாடியிலோ பச்சையும் கறுப்புமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உணவுச் சுகாதாரத்துக்கு 0 முதல் 5 வரை கொடுக்கும் மதிப்பெண் அது. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதை ஒட்டியே ஆக வேண்டும் என்று சட்டம். இங்கிலாந்தில் ஒட்டுவது கடைக்காரர் விருப்பம். ஸ்காட்லாந்தில் எண் இல்லை, ‘பாஸ்’ அல்லது ‘இம்ப்ரூவ்மென்ட் ரிக்வயர்ட்’ (முன்னேற்றம் தேவை) என்று இருக்கும். பிசுக்குக் கரண்டி என்ற பட்டப்பெயரை வைத்து அழுக்கு என்று முடிவு கட்ட வேண்டாம். 5 வாங்கிய பழைய கஃப்கள் நிறைய. ஸ்டிக்கரே இல்லையென்றால் உணவுத் தர முகமையின் (ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி) இணையதளத்தில் கடைப் பெயரைப் போட்டால் மதிப்பெண் வந்துவிடும்.

கையில் பத்து, இருபது பவுண்டு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு வாங்காத கடைகளும், ஐந்து பவுண்டுக்குக் குறைந்தால் கார்டு தேய்க்காத கடைகளும் இன்னும் உண்டு.

இந்தக் கடைகளில் பலவற்றைத் தொடங்கியவர்கள் இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள். வேல்ஸின் சுரங்க ஊர்களில் கடை போட்டவர்களில் பலர் பார்டி என்ற ஒரே மலையூர்க்காரர்கள். பின்னாளில் சைப்ரஸ்காரர்களும் துருக்கியரும் வந்து சேர்ந்தார்கள். அதனால் பலகையில் சாசேஜுக்குப் பக்கத்தில் லசான்யாவோ ஹலூமி சீஸோ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கிழக்கு லண்டன் பெத்னல் கிரீன் ரோட்டில் 1900இல் தொடங்கிய பெல்லிச்சி இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1946இல் சுவரில் பதித்த மரவேலைப்பாட்டுக்காகவே அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் ஏறியது. வெஸ்ட்மின்ஸ்டரில் ரீஜென்சி கஃபே, கறுப்பு ஓடு பதித்த முகப்போடு, அதே 1946இல் திறந்தது.

பலகையைப் படிப்பது

செட் 1, செட் 2 என்று எண் போட்டிருக்கும். செட் 1 பொதுவாக முட்டை, பேக்கன், சாசேஜ், பீன்ஸ். எண் ஏற ஏறச் சாமான் கூடும்: காளான், தக்காளி, ஹாஷ் பிரவுன், பிளாக் புட்டிங். கடைசி எண்ணில் எல்லாமே இரண்டிரண்டு. முதல் நாளே அதைத் தொடாதீர்கள். ஓரளவு நிறைந்த செட் லண்டனில் இப்போது சுமார் 8 முதல் 11 பவுண்டு, வெளியூர்களில் ஒன்றிரண்டு பவுண்டு குறைவு. டோஸ்ட்டும் டீயும் அந்த விலையில் சேர்த்தியா என்பதைப் பலகையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் தனியாக டீ கேட்டு இரண்டு டீக்குக் காசு கொடுப்பவர்கள் உண்டு.

பேக்கன் என்றால் இங்கே பேக் பேக்கன்: பன்றியின் முதுகுப் பக்கத்துத் துண்டு, ஒரு முனையில் வட்டமாகச் சதை, மறு முனையில் வால் போலக் கொழுப்பு. அமெரிக்கப் படங்களில் வரும் மொறுமொறுப்பான ஒல்லிப் பட்டை வேறு. மொறுமொறுப்பு வேண்டுமானால் ‘கிரிஸ்பி’ என்று ஆர்டரிலேயே சொல்ல வேண்டும். தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

சாசேஜ் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திருப்பி அனுப்புவது புதியவர்கள் செய்யும் தவறு. பன்றி சாசேஜ் என்ற பெயரில் விற்கக் குறைந்தது 42 சதவீதம் பன்றி இறைச்சி போதும் என்பது சட்டம். மீதியில் ரஸ்க் தூளும் தண்ணீரும் மசாலாவும் உண்டு, அந்த ரஸ்க்தான் மெத்து. உள்ளே ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் வெந்தது; நடுவில் பளபளப்பான இளஞ்சிவப்பு தெரிந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

பீன்ஸ் என்றால் பச்சைக் காய் கிடையாது. வெள்ளை ஹாரிகாட் பயற்றை இனிப்பான தக்காளிச் சாறில் போட்ட டின். காரம் துளியும் இருக்காது. தக்காளி இரண்டு விதமாக வரும்: பாதியாக வெட்டிக் கல்லில் சுட்டது, அல்லது டின்னில் வந்த முழுத் தக்காளி. டின் தக்காளிக்குள் கொதிக்கும் சாறு தேங்கியிருக்கும். கத்தியால் கீறி இரண்டு நிமிடம் விடுங்கள். முழுசாக வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும்.

ஹாஷ் பிரவுன் உறைபெட்டியிலிருந்து எடுத்துப் பொரித்த உருளைக்கிழங்கு வில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் சாமான் தட்டில் இருக்கலாமா என்று பெரிய வாக்குவாதமே நடக்கிறது. இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் சொசைட்டி என்ற சங்கம் கூடவே கூடாது என்கிறது. சங்கத்தின் கட்சி எப்படியோ, பலகையில் ‘பபிள்’ இருந்தால் ஹாஷ் பிரவுனை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். முழுப் பெயர் பபிள் அண்ட் ஸ்கீக். முந்தைய நாள் அவித்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் மசித்து, அடி கருகும் அளவுக்குக் கல்லில் அழுத்தி வாட்டுவது. பபிள் போடும் கடையில் யாரோ உண்மையாகவே சமைக்கிறார்கள் என்று அர்த்தம். கடைக்கு மதிப்பெண் போட இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

பிளாக் புட்டிங் பன்றி ரத்தம், கொழுப்பு, ஓட்ஸ் அல்லது பார்லி சேர்த்து அடைத்து, வட்டமாக நறுக்கிப் பொரித்தது. புட்டிங் என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்று வாங்கி ஏமாந்தவர்கள் அநேகம்.

நாலு கேள்வி

பல கடைகளில் முதலில் கல்லாவில் ஆர்டர், பிறகுதான் இருக்கை. ரீஜென்சியில் ஆர்டர் கொடுக்காமல் மேசை பிடிப்பது மரபுக்கு விரோதம். தட்டு தயாரானதும் தெருவுக்கே கேட்கும் குரலில் கூப்பிடுவார்கள், நீங்களே போய் எடுக்க வேண்டும். வேறு கடைகளில் மேசைக்கு வந்து எழுதிக்கொள்வார்கள். மேசையில் மெனு அட்டை இருந்தால் உட்காரலாம். இல்லையென்றால் கல்லாவுக்குப் போங்கள்.

முதல் கேள்வி, இங்கே சாப்பிடவா, எடுத்துப்போகவா.

இரண்டாவது, முட்டை எப்படி. இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது. ஆஃப் பாயில் என்று சொன்னால் ஓட்டோடு பாதி அவித்த முட்டை என்று எடுத்துக்கொள்வார்கள். மஞ்சள் கரு ஒழுக வேண்டுமானால் ‘ஃபிரைட், ரன்னி’. இரண்டு பக்கமும் வெந்து கெட்டியாக வேண்டுமானால் ‘ஃபிரைட், டர்ன்ட் ஓவர், வெல் டன்’. ‘ஸ்கிராம்பிள்ட்’ நம் பொடிமாஸுக்குத் தூரத்துச் சொந்தம். வெங்காயம், மிளகாய் எதுவும் இல்லாமல் பாலும் வெண்ணெயும் சேர்த்துக் குழைவாக வரும். ‘போச்ட்’ என்றால் ஓட்டை உடைத்துத் தண்ணீரில் வேகவைத்தது. கூட்ட நேரத்தில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஒழுகும் மஞ்சள் கருவுக்குப் பயப்படத் தேவையில்லை. சிங்க முத்திரை குத்திய பிரிட்டிஷ் முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அப்படிச் சாப்பிடலாம் என்று உணவுத் தர முகமை 2017இல் சொல்லிவிட்டது.

மூன்றாவது, டோஸ்ட்டா ஃபிரைட் ஸ்லைஸா, வெள்ளையா பிரவுனா. ஃபிரைட் ஸ்லைஸ் என்பது ரொட்டியைக் கல்லில் மிஞ்சிய கொழுப்பிலேயே பொரிப்பது. நல்ல கையில் அப்பளம் போல நொறுங்கும். கல் சூடு குறைந்திருந்தால் எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும். கடை புதிது என்றால் டோஸ்ட்டே கேளுங்கள்.

நாலாவது, டீயா காபியா. அதற்குத் தனியாக வருவோம்.

நாலையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் கேள்வியே வராது: ‘ஈட் இன், செட் டூ ப்ளீஸ், எக்ஸ் ரன்னி, ஒயிட் டோஸ்ட், டீ.’ மாற்றிக் கேட்பதில் எழுதாத விதி ஒன்று உண்டு: ஒத்த விலைச் சாமானுக்கு ஒத்த விலைச் சாமான். தக்காளிக்குப் பதில் காளான், பேக்கனுக்குப் பதில் இன்னொரு சாசேஜ், இதெல்லாம் சும்மா மாற்றித் தருவார்கள். தக்காளியைக் கொடுத்துவிட்டுப் பேக்கன் கேட்டால் காசு ஏறும். இரண்டு மாற்றத்துக்கு மேல் போனால் செட்டை விட்டுவிட்டு ‘எக், சாசேஜ், சிப்ஸ், பீன்ஸ்’ என்று உதிரியாகச் சொல்வதே மேல். (சிப்ஸ் என்றால் இங்கே தடித்த உருளைக்கிழங்கு ஃபிரைஸ்.)

கல்லாக்காரர் உங்களை ‘லவ்’, ‘டார்லிங்’ என்று கூப்பிட்டால் வேறு எதுவும் நினைக்காதீர்கள். நாட்டிங்ஹாம் பக்கம் ‘டக்’, நியூகாசிலில் ‘பெட்’, கிளாஸ்கோவில் பெண்களை ‘ஹென்’ என்பார்கள். வாத்தும் கோழியும் அங்கே மரியாதைக் குறைவு இல்லை.

டீ

கஃப் டீக்குப் பெயரே ‘பில்டர்ஸ் டீ’, கொத்தனார் டீ. தடித்த மக், ஒரு டீ பை, கொதிக்கும் தண்ணீர், மேலே குளிர்ந்த பால். பாலைக் காய்ச்சுவது கிடையாது, அதனால் காய்ச்சிய பாலில் டீ குடித்துப் பழகிய நாக்குக்கு முதல் வாய் சப்பென்று இருக்கும். பை தண்ணீரில் குறைந்தது மூன்று நான்கு நிமிடம் கிடந்தால்தான் செங்கல் நிறம் வரும். அவசரத்தில் அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். ‘ஸ்ட்ராங் ப்ளீஸ், லீவ் த பேக் இன்’ என்று சொல்லிப் பையோடு வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டிய நிறம் வந்ததும் கரண்டியால் மக்கின் ஓரத்தில் அழுத்திப் பிழிந்து எடுங்கள். சர்க்கரை மேசையிலேயே இருக்கும். மூக்கு வைத்த கண்ணாடிப் புட்டி என்றால் கவனம்: ஒரு சாய்ப்பில் இரண்டு ஸ்பூன் விழுந்துவிடும்.

சைவம், ஹலால், ஒவ்வாமை

வெஜிடேரியன் செட் ஏறக்குறைய எல்லாக் கடையிலும் உண்டு: காய்கறி சாசேஜ், ஹாஷ் பிரவுன், காளான், தக்காளி, பீன்ஸ், முட்டை. முட்டை சைவத்தில் சேர்த்தி என்பதே இந்த நாட்டுக் கணக்கு. முட்டையும் வேண்டாம் என்றால் ‘நோ எக்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். அடுத்த சங்கடம் கல். பேக்கன் பொரிந்த அதே இரும்புத் தட்டில்தான் உங்கள் காளானும் வதங்கும். ஃபிரைட் ஸ்லைஸும் பபிளும் பன்றிக் கொழுப்பில் வாட்டியதாக இருக்கலாம். தனி வாணலியில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் செய்து தருவார்கள், முடியாது என்றால் நேராகவே சொல்லிவிடுவார்கள். கண்டிப்பான சைவர்களுக்கு மிச்சம் பீன்ஸும் டோஸ்ட்டும்தான். சிப்ஸைச் சில இடங்களில், அதுவும் வடக்கே, மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதால் அதையும் கேட்டுவிடுங்கள்.

பன்றி வேண்டாம் என்பவர்கள் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் ஹலால் கஃப்களைப் பார்க்கலாம். அங்கே வான்கோழி பேக்கனும் மாட்டிறைச்சி சாசேஜும் வரும். மாடும் பன்றியும் இரண்டுமே ஒதுக்குகிறவர்கள் ‘ஹலால்’ பலகையை மட்டும் நம்பாமல் சாசேஜ் எதில் செய்தது என்று கேட்க வேண்டும்.

ஒவ்வாமை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருள் பற்றிய விவரத்தைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டியது கடையின் சட்டக் கடமை. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கஃப் கஷ்டமான இடம்: ரொட்டியில் கோதுமை, சாசேஜில் ரஸ்க், பிரவுன் சாஸில் ரை என்ற தானியத்தின் மாவும் பார்லி வினிகரும்.

தட்டு வந்த பிறகு

முட்டைக்குள் பீன்ஸ் சாறு ஓடுவதைப் பொறுக்காதவர்கள் ஆர்டரிலேயே பீன்ஸைக் கிண்ணத்தில் கேட்பார்கள். கத்தி வலக்கையில், முள்கரண்டி இடக்கையில். டோஸ்ட்டைக் கையால் எடுக்கலாம். அதை முக்கோணமாக வெட்டி மஞ்சள் கருவில் தோய்ப்பதும், கடைசியில் தட்டைத் துடைத்து எடுப்பதும் இங்கே ஒழுங்குதான்.

மேசையில் சிவப்புப் புட்டி தக்காளி சாஸ். பக்கத்தில் கரும்பழுப்பாக நிற்பது பிரவுன் சாஸ், பெரும்பாலும் ஹெச்பி. லேபிளில் நாடாளுமன்றக் கட்டடப் படம், தயாரிப்பு 2007 முதல் நெதர்லாந்தில். அதில் பேரீச்சையும் புளியும் சேர்கின்றன. இந்தத் தட்டு உப்பும் கொழுப்புமாக இருப்பதால் பாதி வழியில் திகட்டும். அந்தத் திகட்டலை அறுப்பது இந்தப் புளிப்புத்தான். சாசேஜுக்கும் பேக்கனுக்கும் பிரவுன், சிப்ஸுக்குச் சிவப்பு என்று தொடங்குங்கள். முட்டை மேல் எதையும் ஊற்றாமல் மிளகுத்தூள் மட்டும் தூவிப் பாருங்கள்.

சாப்பிட்டதும் கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டு ‘தேங்க்ஸ்’ சொல்லிக் கிளம்பலாம். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை, கல்லாவில் டப்பா இருந்தால் சில்லறையைப் போடலாம்.

இங்கிலாந்தைத் தாண்டினால் தட்டு மாறும். ஸ்காட்லாந்தில் சதுரமான லார்ன் சாசேஜும் உருளைக்கிழங்கு ரொட்டியான டாட்டி ஸ்கோனும், வட அயர்லாந்தில் சோடா ரொட்டி, வேல்ஸில் சில இடங்களில் கடற்பாசி விழுதும் சிப்பியும்.

வீட்டில் செய்வதானால்

இரண்டு பேருக்கு: 4 சாசேஜ், 4 துண்டு பேக்கன், 415 கிராம் பீன்ஸ் டின் ஒன்று, 2 தக்காளி, 150 கிராம் காளான், 4 முட்டை, 4 துண்டு ரொட்டி. இதில் கஷ்டம் சமையல் இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில் சூடாகத் தட்டுக்கு வருவது. அதனால் ஓவனை 100 டிகிரியில் வைத்துத் தட்டுகளை உள்ளே போட்டுவிடுங்கள்; வெந்ததை வெந்ததாக அங்கே அனுப்பலாம்.

முதலில் சாசேஜ், மிதமான தீயில் 20 நிமிடம், உருட்டி உருட்டி. முள்ளால் குத்தாதீர்கள், சாறு வெளியேறி வறண்டுவிடும். தீ அதிகமானால் தோல் வெடித்து வெளியே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். எட்டாவது நிமிடத்தில் வேறொரு வாணலியில் காளான். தண்ணீர் வற்றும் வரை உப்புப் போடாதீர்கள். தக்காளியை வெட்டிய பக்கம் கீழே வைத்து நான்கு நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் பேக்கன், பக்கத்துக்கு மூன்று நிமிடம். மலிவான பேக்கனில் உப்புத்தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். வாணலியில் வெள்ளையாகப் பொங்குவது அதுதான். அதைச் சாய்த்து ஊற்றாவிட்டால் பேக்கன் பொரியாமல் வேகும். வாணலியை நெருக்கமாக அடைத்தாலும் இதே கதி. பீன்ஸைச் சின்னப் பாத்திரத்தில் சிறு தீயில் ஐந்து நிமிடம். கொதிக்க விட்டால் பயறு உடைந்து கஞ்சியாகும்.

முட்டை கடைசி. பேக்கன் கொழுப்போடு ஒரு கரண்டி எண்ணெய், மிதமான சூடு. எண்ணெய் புகைந்தால் வெள்ளைக் கரு அடியில் கருகி மேலே சளி போல நிற்கும். முட்டையை உடைத்து ஊற்றி, வாணலியைச் சாய்த்து, கரண்டியால் சூடான கொழுப்பை மேலே அள்ளி அள்ளி விடுங்கள். இரண்டு நிமிடத்தில் மேல் வெள்ளை கெட்டியாகும், மஞ்சள் அசையும். டோஸ்ட்டை அந்த இரண்டு நிமிடத்தில் போட்டால் போதும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், ஆவியில் நமத்துப்போகும்.

உட்கார நேரமில்லையா

பேக்கன் ரோல் கேளுங்கள். ரொட்டியின் பெயர் மான்செஸ்டரில் ‘பார்ம்’, நாட்டிங்ஹாமில் ‘காப்’, லண்டனில் ‘ரோல்’. சிவப்பா பிரவுனா என்று மட்டும் கேட்பார்கள். மத்திய லண்டனில் தெரு ஓரத்தில் பச்சை வண்ண மரக் குடில்களைப் பார்த்திருப்பீர்கள். குதிரைவண்டிக்காரர்கள் ஒதுங்குவதற்காக 1875 முதல் கட்டியவை, நடுத்தெருவில் நிற்பதால் ஒரு குதிரைவண்டி அடைக்கும் இடத்துக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. அறுபதுக்கு மேல் இருந்ததில் இப்போது மிச்சம் 13. ரஸல் ஸ்கொயரில் ஒன்று, டெம்பிள் பிளேஸில் ஒன்று. உள்ளே உட்காரும் உரிமை கறுப்பு டாக்ஸி ஓட்டுநர்களுக்கு மட்டும், கதவைத் திறக்காதீர்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அங்கே டீயும் ரோலும் யாருக்கும் கிடைக்கும்.